போனில் 100, ஒரு கேமராவில் 65, இன்னொன்றில் 25: மீன்கொத்தியைப் பிடிக்க எந்த ஜூம்?

ஜன்னலோரம் கேட்கிறார்:

வணக்கம். கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மீன்கொத்தியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பகலில் பெரும்பகுதி மாடி ஜன்னலருகே நாற்காலியில்தான் கழிகிறது. கீழே குளம். குளத்துக்குள் சாய்ந்து ஒரு பட்ட மரம். அதன் நுனிக்கிளையில் சிறிய நீல மீன்கொத்தி ஒன்று வந்து உட்காரும். ஜன்னலிலிருந்து அந்தக் கிளை 25 மீட்டர் தூரம். மகன் நாடா பிடித்து அளந்து சொன்ன கணக்கு இது.

போனில் 100 மடங்கு வரை ஜூம் போகிறது. போய் என்ன பயன்? 100இல் வைத்தால் நீலமாக ஏதோ ஒரு கறை தெரிகிறது. அதை மீன்கொத்தி என்று நான் சொன்னால்தான் பிறர் நம்புவார்கள். ஆகவே கேமரா வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனோம். அங்கே குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஒரு கேமரா 65 மடங்கு. இன்னொன்று 25 மடங்குதான், ஆனால் விலை அதுதான் கூடுதல். மூன்றாவதன் பெட்டியில் 120 என்று பெரிய எழுத்தில் போட்டு, மூலையில் சிறிய எழுத்தில் 30 என்றும் போட்டிருந்தது. விற்பனைப் பையனிடம் கேட்டேன். “உங்கள் போனிலேயே 100 இருக்கிறதே, 65 எதற்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

என் கேள்விகள் இவை. ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் என்பவற்றுக்கு உண்மையில் என்ன வேறுபாடு? டிஜிட்டல் ஜூம் முழு ஏமாற்றா, அல்லது எதற்காவது உதவுமா? 25 மடங்குக் கேமரா ஏன் 65 மடங்கைவிட உயர்ந்ததாகச் சொல்லப்படுகிறது? பேரன் பள்ளி நாடகங்களில் நடிக்கிறான். வாங்குகிற கேமரா அரங்கத்திலும் பயன்பட்டால் நல்லது.

கண்ணாடிக்காரர் பதில்:

அம்மா, நான் கேமரா பழுது பார்ப்பவன், விற்பவன் அல்லன். நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு லாபமில்லை. கெட்டுப்போனால்தான் லாபம். அந்த நம்பிக்கையில் கேளுங்கள்.

முதலில் அந்த 120ஐ முடித்துவிடுவோம். மூலையில் இருந்த 30தான் கேமராவின் உண்மையான ஜூம். அதை 4ஆல் பெருக்கி 120 ஆக்கியிருக்கிறார்கள். அந்த 4 டிஜிட்டல் ஜூம். பெருக்கல் வாய்பாடு தெரிந்த எவரும் இப்படி எந்த எண்ணை வேண்டுமானாலும் பெட்டியில் அச்சிடலாம்.

ஜூம் லென்ஸ் ஒன்றைப் பிரித்தால் உள்ளே கண்ணாடிகள் குழுக் குழுவாக இருக்கும். குழாயின் சுவரில் சாய்வாக வெட்டிய பள்ளங்கள் ஓடும். ஜூம் செய்யும்போது அந்தப் பள்ளங்களின் வழியே கண்ணாடிக் குழுக்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன. ஒரு குழு பிம்பத்தின் அளவை மாற்றுகிறது. அப்போது கலைகிற குவியத்தை இன்னொரு குழு சரிசெய்கிறது. இந்த நகர்வால் குவியத் தொலைவு (தூரத்திலிருந்து வரும் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க லென்ஸ் எடுத்துக்கொள்ளும் தொலைவு) கூடுகிறது, சென்சாரின் (ஒளியைப் பதியும் தகட்டின்) மேல் விழும் மீன்கொத்தியின் பிம்பமே பெரிதாகிறது. முன்பு 100 பிக்சல்களில், அதாவது படப்புள்ளிகளில், அடங்கிய பறவை இப்போது 1,000 பிக்சல்களை நிரப்புகிறது. புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிக்சலும் பறவையிலிருந்து வந்த ஒளியை அளந்து எழுதியது. இதுதான் ஆப்டிகல் ஜூம்.

டிஜிட்டல் ஜூமில் எந்தக் கண்ணாடியும் அசைவதில்லை. சென்சாரில் விழுந்த பிம்பம் அப்படியே இருக்கிறது. கேமராவுக்குள் இருக்கும் சிப் ஓரங்களை வெட்டி எறிந்துவிட்டு, நடுவில் மிஞ்சியதைப் பழைய அளவுக்கு இழுக்கிறது. நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி போவதால் 2 மடங்கு டிஜிட்டல் ஜூமில் கால்வாசிப் பிக்சல்களே எஞ்சும். 20 மெகாபிக்சல் கேமராவில் 5 மெகாபிக்சல் (ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் பிக்சல்). 4 மடங்கில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 1.25 மெகாபிக்சல். ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் 20 மெகாபிக்சல் என்றே காட்டும். இடையில் நிரப்பியவை எல்லாம் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துச் செய்த ஊகம். பலூனில் எழுதிய எழுத்து ஊத ஊதப் பெரிதாகும், ஆனால் அதில் புதிய சொல் ஒன்றும் சேராது.

இப்போது மடங்கு என்ற சொல்லுக்கு வருவோம். கடைகளில் பாதிக் குழப்பம் இதனால்தான். உங்களிடம் பைனாகுலர் இருந்தால் அதில் 8×42 என்று எழுதியிருக்கும். அந்த 8 உண்மையான உருப்பெருக்கம், வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட 8 மடங்கு. கேமராவின் 65 அப்படிப்பட்டதன்று. லென்ஸின் மிக நீண்ட குவியத் தொலைவை மிகக் குறுகியதால் வகுத்த ஈவு அது, வேறொன்றுமில்லை. 24-240 மி.மீ. லென்ஸ் 10 மடங்கு. 200-600 மி.மீ. லென்ஸ் வெறும் 3 மடங்கு. ஆனால் பறவையை நெருங்கிக் காட்டுவது அந்த 3 மடங்குதான். ஆகவே கடையில் எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள். எத்தனை மி.மீ.யிலிருந்து எத்தனை மி.மீ. வரை என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் 65 மடங்கு 21-1365 மி.மீ. ஆக இருக்க வேண்டும், கேனான் எஸ்எக்ஸ்70 அப்படிப்பட்டது. 25 மடங்கு 24-600 மி.மீ., சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பைப் போன்றது. இந்த எண்கள் பழைய 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமாக மாற்றிச் சொல்பவை. வெவ்வேறு அளவுள்ள சென்சார்களை ஒப்பிட வேறு வழியில்லை. உண்மையான குவியத் தொலைவு லென்ஸின் முகப்பு வளையத்திலேயே பொறித்திருக்கும். முதலாவதில் 3.8-247, இரண்டாவதில் 8.8-220. இந்த எண்களை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மீன்கொத்திக் கணக்கு. இதற்கு 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சமமான எண்களே போதும். பறவையின் நீளத்தை அந்தக் குவியத் தொலைவால் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் ஃபிலிமில் விழும் பிம்பத்தின் நீளம் கிடைக்கும். ஃபிலிம் சட்டகத்தின் அகலத்தில் அது எத்தனை பங்கோ, படத்தின் அகலப் பிக்சல்களில் அத்தனை பங்கு பறவைக்கு. சிறிய மீன்கொத்தி சுமார் 16 செ.மீ. தூரம் 25 மீட்டர். போனின் நெடுந்தொலைவு லென்ஸ் 120 மி.மீ.க்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், 12 மெகாபிக்சல் படத்தில் உங்கள் பறவை வாலிலிருந்து அலகுவரை ஏறக்குறைய 90 பிக்சல். அந்த இரண்டு கேமராக்களும் 20 மெகாபிக்சல். அவற்றில் 600 மி.மீ.யில் 580. 1365 மி.மீ.யில் 1,300.

போனில் விரலை வைத்து 100 வரை தள்ளினாலும் அந்த 90 பிக்சல் 90ஆகவே இருக்கும். லென்ஸ் 5 மடங்கில் நின்றுவிட்டது, மீதி 20 மடங்கும் வெட்டல். 12 மெகாபிக்சலில் நானூறில் ஒரு பங்கு என்றால் 30,000 பிக்சல். உங்கள் நீலக்கறையின் ஜாதகம் இவ்வளவுதான்.

பிக்சல்பித்தன் பதில்:

கண்ணாடிக்காரர் அண்ணா சொன்னது 2010இல் முழு உண்மை. இன்று முக்கால் உண்மை. மீதிக் காலை நான் சொல்லிவிடுகிறேன்.

வெட்டுவது எப்போதும் நஷ்டமன்று. சென்சாரில் தேவைக்கு மேல் பிக்சல் இருந்தால், வெட்டியபின் மிஞ்சுவதே போதுமானதாக இருக்கும். 2012இல் நோக்கியா 808 ப்யூர்வியூ 41 மெகாபிக்சல் சென்சாரோடு வந்தது இந்தக் கணக்கில்தான். இப்போதைய 48 மெகாபிக்சல் போன்களில் 2 மடங்கு என்ற பொத்தான் நடுவிலுள்ள 12 மெகாபிக்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எதையும் இழுத்து நீட்டுவதில்லை. இதையும் டிஜிட்டல் ஜூம் என்று ஒதுக்கினால் அநியாயம்.

அடுத்தது 2018இல் கூகுள் பிக்சல் 3 கொண்டுவந்த முறை. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுக்கிறது. கை நடுங்குவதால் ஒவ்வொரு படமும் ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் நகர்ந்து விழும். அந்த நகர்வுகளை அளந்து அடுக்கினால், ஒரே படத்தில் இல்லாத நுணுக்கம் உண்மையாகவே கிடைக்கிறது. ஊகமில்லை, அளந்ததுதான். 2, 3 மடங்குவரை இது நன்றாகவே உதவுகிறது. 30, 50, 100 என்று போகும்போது கதை மாறிவிடும். அங்கே இறகு இப்படித்தான் இருக்கும் என்று பயிற்சியில் கற்றுக்கொண்டதை வைத்துப் போனே இறகை வரையத் தொடங்கிவிடும். அழகாக இருக்கும், ஆனால் உங்கள் பறவையின் இறகன்று.

போனில் ஆப்டிகல் ஜூம் இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. பெரிஸ்கோப் லென்ஸ் உள்ளே படுத்துக் கிடக்கிறது. ஒரு முப்பட்டகம் ஒளியை 90 பாகை திருப்பி, போனின் அகலவாட்டில் வைத்த லென்ஸ்களுக்குள் அனுப்புகிறது. 2019இல் ஹுவாவே பி30 ப்ரோ 5 மடங்கு என்று இதைப் பரவலாக்கியது. கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவில் 10 மடங்கு லென்ஸ் இருந்தது. எஸ்24 அல்ட்ராவில் அது 5 மடங்காகி, பதிலுக்குப் பிக்சல்கள் கூடின. இரண்டிலும் திரையில் 100 வரை போகலாம். அந்த 100 லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அம்மாவுக்கு இரண்டு நடைமுறைக் குறிப்புகள். பெரும்பாலான போன்களில் லென்ஸ்கள் நகர்வதில்லை. நிலையான சில லென்ஸ்களுக்கு இடையே தாவுகிறது, அவ்வளவே. உண்மையில் நகரும் லென்ஸ் வைத்த போன்கள் அபூர்வம், 2022இல் வந்த எக்ஸ்பீரியா 1 நான்காம் பதிப்பில் 85 முதல் 125 மி.மீ. வரை நகர்ந்தது. ஆகவே உங்கள் போனில் 5 மடங்கு லென்ஸ் இருந்தால் 4.8இல் எடுக்காதீர்கள். அது முதன்மைக் கேமராவின் படத்தை வெட்டி இழுத்ததாகவே இருக்கும். 5ஐத் தொட்டு எடுங்கள். இரண்டாவது, வெளிச்சம் குறைந்தாலோ பொருள் மிக அருகில் இருந்தாலோ போன் சொல்லாமல் கொள்ளாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறிவிடும், திரையில் மட்டும் 5 என்றே காட்டும். சந்தேகமாக இருந்தால் நெடுந்தொலைவு லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். படம் மறையாவிட்டால் அந்த லென்ஸ் தூங்குகிறது என்று பொருள்.

ஜன்னலோரம் பதில்:

விரலால் மூடிப் பார்த்தேன். மாலை ஐந்தரைக்கு மேல் லென்ஸ் தூங்கத்தான் செய்கிறது!

இருவருக்கும் நன்றி. கண்ணாடிக்காரரின் கணக்குப்படி 1365 மி.மீ.யில் 1,300 பிக்சல், 600 மி.மீ.யில் 580 பிக்சல். அப்படியானால் 65 மடங்குதானே எனக்கு நல்லது? இதோடு முடிந்துவிட்டதா? 3000 மி.மீ. வரை போகும் கேமராவும் இருப்பதாக மகன் சொல்கிறான். அது இன்னும் நல்லதுதானே?

கண்ணாடிக்காரர் பதில்:

பித்தனின் மீதிக் காலை ஏற்றுக்கொள்கிறேன். 2, 3 மடங்குவரை என்று எல்லை போட்டாரே, அந்த நேர்மைக்காக.

அம்மா, இதோடு முடியவில்லை. ஆப்டிகல் என்றால் எல்லாம் உண்மை, டிஜிட்டல் என்றால் எல்லாம் பொய் என்று இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆப்டிகல் ஜூமிலும் வெற்றுப் பெருக்கம் உண்டு. பெட்டியில் எவரும் அதை எழுதுவதில்லை.

முகப்பு வளையத்தில் குவியத் தொலைவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி எண் இருக்கும். எஸ்எக்ஸ்70இல் 1:3.4-6.5. ஆர்எக்ஸ்10 நான்கில் 2.4-4. இதைத்தான் எஃப் எண் என்கிறோம். குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் திறப்பின் விட்டம் வரும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன உண்மையான குவியத் தொலைவை எடுங்கள். 247ஐ 6.5ஆல் வகுத்தால் 38 மி.மீ. 220ஐ 4ஆல் வகுத்தால் 55 மி.மீ. மடங்கு குறைந்த கேமராவின் கண்தான் பெரியது.

பெரிய கண்ணுக்கு இரண்டு நன்மை. ஒன்று, பறவையிடமிருந்து வரும் ஒளியை இரண்டு மடங்கு கூடுதலாக வாங்குகிறது. ஒளி கூடினால் படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் இரைச்சல் குறையும். மற்றொன்று, ஒளி அலையாகப் பரவுவதால் எந்தத் திறப்பின் வழியே வந்தாலும் சற்றே விரிந்து மங்கும். இதை விளிம்பு விளைவு என்பார்கள். திறப்பு சிறிதானால் மங்கல் பெரிதாகும். எவ்வளவு விலைகொடுத்து எந்தக் கண்ணாடி வாங்கினாலும் இதைத் தாண்ட முடியாது. பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளிக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ரேலி பிரபு ஓர் அளவுகோல் வகுத்துவிட்டார். பச்சை ஒளிக்கு அதைச் சுருக்கி இப்படி வைத்துக்கொள்ளலாம்: தூரத்தை மீட்டரில் எடுத்து 0.67ஆல் பெருக்குங்கள், திறப்பின் மி.மீ. அளவால் வகுங்கள். விடை மி.மீ.யில் வரும்.

உங்கள் 25 மீட்டருக்குப் போட்டுப் பார்க்கிறேன். 38 மி.மீ. திறப்பில் 0.44 மி.மீ. 55 மி.மீ. திறப்பில் 0.3 மி.மீ. இதைவிட நெருக்கமாக உள்ள இரண்டு இறகுக் கோடுகள் படத்தில் ஒன்றாகிவிடும்.

இப்போது பிக்சலைப் பாருங்கள். 160 மி.மீ. பறவையை 1,300 பிக்சலில் பரப்பினால் ஒரு பிக்சலுக்கு 0.12 மி.மீ. ஆனால் கண்ணாடியால் 0.44க்குக் குறைந்த எதையும் பிரிக்க முடியாது. அதாவது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன. 600 மி.மீ. கேமராவில் ஒரு பிக்சலுக்கு 0.27 மி.மீ., கண்ணாடியின் எல்லை 0.3. வீண் குறைவு. முடிவில் 25 மீட்டரில் இரு கேமராக்களும் காட்டும் இறகு நுணுக்கம் ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் வரும். 1,300க்கும் 580க்கும் உள்ள இடைவெளி அளவுக்கு வேறுபாடு இருக்காது. பறவை மிகத் தொலைவில் இருந்து, வெயிலும் நன்றாக இருந்தால் 1365 முந்தும். மேகம் மூடினால் 600 முந்தும்.

3000 மி.மீ. பற்றி. மகன் சொல்வது நிக்கான் பி1000 ஆக இருக்கும், 2018இல் வந்தது, 125 மடங்கு. உண்மையான குவியத் தொலைவு 539, எஃப் 8. திறப்பு 67 மி.மீ. மூன்றில் இதுதான் பெரிய கண். ஆகவே நுணுக்கமும் கூடத்தான். வெறும் எண் விளையாட்டென்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் எடை ஒன்றரைக் கிலோவை நெருங்கும். படத்தின் அகலத்தில் பாதிக்கு மேல் உங்கள் மீன்கொத்தியே நிற்கும். மூச்சு விட்டால் சட்டகத்திலிருந்து பறவை வெளியேறிவிடும். முழங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்து கையில் பிடிக்கிற கருவியன்று, கனமான முக்காலி வேண்டும்.

போனின் கதையும் இங்கேதான் முடிகிறது. அதன் நெடுந்தொலைவு லென்ஸின் திறப்பு 5, 6 மி.மீ. அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 25 மீட்டரில் 3 மி.மீ. மீன்கொத்தியின் கண்ணில் விழும் ஒளிப்பொட்டு அதைவிடச் சிறியது. எத்தனை படங்களை அடுக்கினாலும் கண்ணாடி வழியே வராத செய்தியை அடுக்க முடியாது, பித்தன் தம்பி.

அரங்கத்துக்கு இதில் பாதிகூட வேண்டாம். 15 மீட்டரில் நிற்கும் ஒன்றரை மீட்டர் உயரப் பையன் சட்டகத்தின் உயரத்தை நிரப்ப 240 மி.மீ. போதும். அங்கே உங்களுக்கு வேண்டியது ஒளி. 25 மடங்குக் கேமராவில் இருப்பது 1 அங்குல வகை என்று சொல்லப்படும் சென்சார், அதன் அளவு 13.2×8.8 மி.மீ. (பெயரில் உள்ள அங்குலத்தை நம்ப வேண்டாம், இந்தத் தொழிலில் எல்லா எண்களும் இப்படித்தான்.) 65 மடங்குக் கேமராவின் சென்சார் 6.2×4.6 மி.மீ. பரப்பில் நான்கில் ஒரு பங்கு. மேடை விளக்கு மங்கும் கணத்தில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் எங்கே போனது என்று தெரியும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். திரையில் ஜூம் செய்யும்போது ஒரு பட்டை தெரியும், நடுவே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு அப்பால் போவதெல்லாம் வெட்டல். அணைத்துவிட்டால் கோட்டிலேயே நின்றுவிடும். வெட்ட வேண்டுமானால் வீட்டில் கணினியில் நிதானமாக வெட்டலாம். எந்த ஓரத்தை வெட்டுவது என்று அப்போது தீர்மானிக்கலாம், பிடிக்காவிட்டால் மறுபடி வெட்டலாம். கேமரா வெட்டியெறிந்தது திரும்ப வராது. 6×4 அங்குல அச்சுக்கு 1800×1200 பிக்சல் போதும். 580 பிக்சல் மீன்கொத்தி அதில் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு நிற்கும். கிளையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து தெரியும் அளவு அது.

எதற்காவது உதவுமா என்று கேட்டீர்கள். வீடியோவில் உதவும். வீடியோவின் ஒரு சட்டகம் 4கே என்றால் 3840 பிக்சல் அகலம், முழு எச்டி என்றால் 1920தான். 20 மெகாபிக்சல் சென்சார் 5,000 பிக்சலுக்கு மேல் அகலமானது. ஆகவே நடுப்பகுதியை மட்டும் படித்தாலும் எதையும் இழுத்து நீட்ட வேண்டியதில்லை. சில கேமராக்கள் இதைச் சரியாகச் செய்கின்றன. எடுத்த கையோடு மகனுக்குப் படம் அனுப்ப வேண்டும், கணினி பக்கத்தில் இல்லை என்றாலும் பயன்படுத்துங்கள், பாவமில்லை.

தூரத்துச்சிறகு பதில்:

கணக்கெல்லாம் சரி. ஆனால் 25 மீட்டர் மீன்கொத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் லென்ஸன்று, ஜன்னல்.

கண்ணாடி வழியே எடுக்காதீர்கள் அம்மா. ஜன்னல் கண்ணாடி லென்ஸ் தரத்தில் வார்த்ததன்று. சாய்வாகப் பார்த்தால் 600 மி.மீ.யில் பறவையின் ஓரம் இரட்டையாகத் தெரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். திறந்தபின்னும் சற்று நேரம் பொறுங்கள். அறையின் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் வெப்பம் வேறாக இருந்தால் இடையில் காற்று நெளியும், படமும் நெளியும். வெயில் ஏறியபின் தண்ணீருக்கு மேலும் இதே நெளிவுதான். காலை வெளிச்சத்தில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்.

பறவையைத் தேடிப் பிடிப்பது தனிக் கலை. 1365 மி.மீ.யில் நேரடியாகக் குளத்தைப் பார்த்தால் தண்ணீரும் இலையும் மாறிமாறித் தெரியும், பறவை மட்டும் தெரியாது. முதலில் அகலமாக வைத்துக் கிளையை நடுவில் நிறுத்துங்கள், பிறகு உள்ளே போங்கள். பல சூப்பர் ஜூம் கேமராக்களின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் லென்ஸ் தற்காலிகமாகப் பின்வாங்கிப் பரந்த காட்சியைக் காட்டும், விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். கடையில் இந்தப் பொத்தான் உண்டா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் 10 மடங்கு கூடுதல் ஜூமைவிட இது பெரிது. உங்கள் மீன்கொத்தி ஒரே கிளைக்கு வருவதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். முக்காலியில் கேமராவை அந்தக் கிளைக்குக் குறிவைத்துப் பூட்டிவிட்டுக் காத்திருக்கலாம்.

பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தால் நடுக்கம் தடுக்கும் வசதியோடு 1/250 நொடி போதும். தண்ணீரில் பாய்வதை எடுக்க ஆசை என்றால் 1/2000 நொடி வேண்டும். அதற்குத் தேவையான வெளிச்சக் கணக்கில் நான் எஃப் 4 லென்ஸின் பக்கம். நடுக்கம் தடுக்கும் வசதி கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும், பறவையின் ஆட்டத்தையன்று.

ஜன்னலோரம் பதில்:

எஃப் 4இன் பக்கம் மனம் சாய்கிறது. பேரனுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வாங்கும் முன் கடையிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா? மீன்கொத்தியைக் கடைக்கு அழைத்துப்போக முடியாது.

கண்ணாடிக்காரர் பதில்:

உண்டு. மெமரி கார்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடை வாசலில் நின்று, ஏறத்தாழ 25 மீட்டர் தள்ளி ஒரு செய்தித்தாள் பக்கத்தை மகனைப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கேமராவிலும் டிஜிட்டல் ஜூம் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கடைசி மி.மீ.வரை போய் எடுங்கள், ஒரு படம் அல்ல, ஏழெட்டாக. கை ஆடியதா லென்ஸ் மங்கியதா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும். பிறகு கடைக்குள்ளேயே, விளக்கு குறைந்த மூலையில் உள்ள ஒரு முகத்தை 240 மி.மீ. அளவில் எடுங்கள், அது உங்கள் நாடக அரங்கம்.

கேமராவின் திரையில் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். அந்தச் சிறிய திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் இரண்டிலும் ஒரே வரியை ஒரே அளவுக்குப் பெரிதாக்கி வாசித்துப் பாருங்கள். பொடி எழுத்து எதில் வாசிக்க முடிகிறதோ அதை வாங்குங்கள். விற்பனைப் பையன் அவசரப்படுத்தினால் வேறு கடை பாருங்கள்.